அட்டையில் அச்சடித்த ஜெபம்

பீன்ஸை முந்தின நாளே ஊறப்போட்டுவிட வேண்டும். மறந்தால் முன்னூறு பிள்ளைகளும் மறுநாள் கல்லைக் கடித்த மாதிரி கடித்துவிட்டு, வீட்டில் போய்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரியின் பெயரை நாறடித்துவிடும். பிரையர் ஓடைப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகச் சமைக்கிற டெல்ஃபியா குவில்லன் ஒருநாளும் மறந்ததில்லை. காலை ஆறு மணிக்கு, ஓடைப் பக்கத்து மூடுபனி ஜன்னலில் அப்பிக்கொண்டிருக்கும்போதே, அண்டாவில் பன்றிக்கொழுப்புத் துண்டு மிதக்கும். இன்னொரு பக்கம் பன்னுக்கு மாவு பொங்கிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு மாவு அவளிடம் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டது.

"ஏண்டி டெல்ஃபி, அது மாவா இல்ல யாரோட கழுத்தா?" என்றாள் ஊனா. கூடச் சமைப்பவள். வாய் ஒரு நிமிஷம் ஓயாது. வாய் ஓய்ந்தால் கையும் ஓய்ந்துவிடும் என்பதால் டெல்ஃபியா அதைத் தடுப்பதில்லை. "நேத்தோட 'பி' எழுத்து முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு 'க்யூ'. இந்தப் பள்ளிக்கூடத்துல 'க்யூ'வுல ஆரம்பிக்கிற குடும்பப் பேரு உங்க வீட்டை விட்டா வேற யாருக்கு இருக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. நாலு வரிதான? உன் மக கெட்டிக்காரி. மூச்சு விடறதுக்குள்ள படிச்சுடுவா."

படிக்கத் தெரியாதது அல்ல பிரச்சினை. அது ஊனாவுக்கும் தெரியும்.

தலைமையாசிரியர் ப்ரூவர் கெட்ட மனுஷன் இல்லை. முன்னே கூடைப்பந்து கோச்சாக இருந்தவர். போன இலையுதிர்காலத்தில் மூன்றாம் நம்பர் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய பிறகு, சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிச் சண்டை போடுவதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் அப்பன்மார் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும். அதற்கு மருந்தாக அவர் ஒரு ஜெபத்தை எழுதினார். டவுனில் கொடுத்து அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாப்பாட்டுக் கூடத்து மைக் கம்பத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டார். அகர வரிசைப்படி தினம் ஒரு பிள்ளை அதைப் படிக்க வேண்டும். பிறகுதான் வரிசை நகரும். 'ஆண்டவரே, இந்த உணவுக்காகவும் இந்தப் பள்ளிக்காகவும் இந்த நாட்டுக்காகவும் உமக்கு நன்றி. எங்களை நல்ல குடிமக்களாக்கும். ஆமென்.' அவ்வளவுதான். வாஷிங்டனில் இருக்கிற பெரிய கோர்ட்டு இதெல்லாம் கூடாது என்று சொல்லி இருபது வருஷமாகிறது. அதை யாரோ எடுத்துச் சொன்னபோது ப்ரூவர், "இந்த மலைக்கு ரோடு வரவே நாப்பது வருஷம் ஆச்சு. தீர்ப்பு இன்னும் வழியில வந்துகிட்டிருக்கும்" என்றார். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

டெல்ஃபியாவின் குடும்பம் பழைய பாப்டிஸ்ட் சபை. ஓடை மேட்டில் பலகைக் கட்டடம், பியானோ கிடையாது, பாட்டுப்புத்தகத்தில் ஸ்வரம் கிடையாது, சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. மாசத்துக்கு ஒரு கூட்டம். மூப்பர்கள் எழுந்து நிற்பார்கள். வார்த்தை வந்தால் பேசுவார்கள். வராவிட்டால், "எனக்கு வரலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிச் சொன்னவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. வராததை வந்த மாதிரி நடிப்பவரைத்தான் அந்தச் சபையில் மன்னிக்கமாட்டார்கள். பிள்ளைகளை ஜெபம் பண்ணச் சொல்வதும் இல்லை. ஆண்டவர் கூப்பிடுவார், கூப்பிடும்போது போனால் போதும், முப்பது வயசில் கூப்பிட்டாலும் சரி. எழுதி வைத்துப் படிப்பது அவர்கள் கணக்கில் ஜெபமே அல்ல. இன்னொருத்தன் காதல் கடிதத்தைத் தன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டுவது மாதிரி என்று டெல்ஃபியாவின் புருஷன் ஓர்பின் சொல்லுவான்.

பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. எட்டாம் வகுப்பு லவோனா குவில்லன் மைக் பக்கம் போய் நின்றாள். பதின்மூன்று வயசு, வெட்டாத கூந்தல் இடுப்புக்குக் கீழே, மெலிந்த தோள். அட்டையைக் கையில் எடுத்தாள். டெல்ஃபியா கரண்டியைப் பிடித்தபடி பரிமாறும் மேடைக்குப் பின்னால் நின்றாள். அண்டாவிலிருந்து ஆவி மூஞ்சியில் அடித்தது.

லவோனா அட்டையைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.  சோளரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு வரலை" என்றாள் மைக்கில். அட்டையை மெதுவாகத் தொங்கவிட்டுவிட்டு நகர்ந்தாள்.

முன்னூறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சிரித்தால் தகரக் கூரை எப்படி அதிரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ப்ரூவரின் கழுத்து சிவந்துவிட்டது. அவரே மைக்கில் நாலு வரியையும் சொல்லி முடித்துவிட்டு, சமையல் மேடைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"டெல்ஃபியா, உன் பொண்ணு அதைப் படிச்சுட்டு வரிசைக்கு வரட்டும். அவசரமில்ல. என்னைக்குப் படிக்கிறாளோ அன்னைக்குச் சாப்பிடட்டும்."

"சார், அவ வேணும்னு செய்யலை. எங்க சபையில..."

"சபை ஞாயித்துக்கிழமை. இது செவ்வாக்கிழமை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டம்தான். உன் பிள்ளைக்குத் தனிச் சட்டம் போட்டா நாளைக்கு நான் இங்க நிக்க முடியாது. உனக்கே தெரியும்."

பரிமாறுகிறவள் நம்மவளாக இருந்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் குறையில்லை என்பார்கள். அன்றைக்கு அந்தப் பழமொழி பொய்யாகப் போயிற்று. லவோனா தட்டை நீட்டிக்கொண்டு தன் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். டெல்ஃபியாவின் கரண்டி அண்டாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பையனைப் பார்த்து, "அடுத்தது" என்றாள்.

காலித் தட்டோடு பிள்ளை நகர்ந்து போனது. அந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து டெல்ஃபியா செத்தாள். அதைத் தன் வாய்தான் சொன்னதா என்று நாலு நாள் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஓர்பின் அடுப்புப் பக்கம் நாற்காலியில் இருந்தான். இருபத்திரண்டு வருஷம் நிலக்கரித் தூசியைக் குடித்த நுரையீரல். பக்கத்தில் மூச்சு மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதுவும், மாசா மாசம் வருகிற மருந்தும், டெல்ஃபியாவின் பள்ளிக்கூட வேலைக்குத் தருகிற காப்பீட்டு அட்டையில்தான் ஓடின. சுரங்கக் கம்பெனி கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்குப் போட்ட வழக்கு ஐந்து வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது.

லவோனா ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"கரண்டியைத் தூக்கலையா நீ?" என்றான் ஓர்பின்.

"தூக்கலை."

"ம்."

"என்ன ம்? தூக்கியிருந்தா இந்த மெஷினை யாரு ஓட்டுறது? உங்க அப்பாவா வந்து ஊதுவாரு?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க நேரமாயிற்று. லவோனா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மா, நான் வீட்டுல இருந்து ரொட்டி கொண்டு போறேன். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் இல்ல. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சூடா அள்ளிப் போட்டுட்டு, என் பிள்ளை மெழுகுத் தாளைப் பிரிச்சுக் காஞ்ச ரொட்டியைக் கடிக்கிறதை நான் பாக்கணும். எனக்குத்தான் இருக்கு." டெல்ஃபியா உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, நாலு வரி. சும்மா எழுத்தைப் படிக்கிறதா நெனச்சுப் படிச்சா என்ன?"

"கண்ணை மூடி ஆண்டவரேன்னு கூப்பிட்டுட்டு, நான் உன்னைக் கூப்பிடலை, சும்மா எழுத்தைப் படிச்சேன்னு சொல்லவா? அவர் என்னை இன்னும் கூப்பிடலைம்மா. கூப்பிட்ட மாதிரி எப்படி நிக்கிறது? நீதான சொல்லிக் குடுத்த?"

டெல்ஃபியா அடுத்த கிழங்கை எடுத்து நறுக்கினாள். அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஓர்பின் மூச்சை வாங்கிக்கொண்டு சொன்னான்: "எங்க அப்பன் காலத்துல கம்பெனி இங்க ஒரு சர்ச்சு கட்டிச்சு. பாதிரிக்குக் கம்பெனி சம்பளம். சங்கம் வேலைநிறுத்தம் பண்ணுனப்போ அந்தப் பாதிரி ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு, 'ஆண்டவரே, இவங்களுக்கு நல்ல புத்தி குடுத்துக் குழிக்குள்ள அனுப்பும்'னு ஜெபிச்சான். எங்க அப்பன் அந்த இடத்துலயே தொப்பியை எடுத்துக்கிட்டு வெளிய வந்தாரு. சம்பளம் யாருதோ ஜெபமும் அவனுது. ப்ரூவர் நல்லவருதான். ஆனா அந்த அட்டையில 'நல்ல குடிமக்கள்'னு எழுதியிருக்கு பாரு. அது ஆண்டவர்கிட்ட கேக்குறதா, பிள்ளைங்ககிட்ட சொல்றதா?"

"உங்க சங்கப் பேச்சு வேலையைக் காப்பாத்துமா?"

"காப்பாத்தாது. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வேலையை விட்டுத் தூக்குறேன்னு யாராவது சொன்னா, வாய்வார்த்தையில போயிடாத. காரணத்தை எழுத்துல வாங்கு. எழுதச் சொன்னாத்தான் அவனுங்களுக்கே தாங்க என்ன செய்றோம்னு தெரியும். சங்கத்துல நாங்க கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

மறுநாளிலிருந்து அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. பதினொன்றே காலுக்கு ப்ரூவர் கேட்பார், "லவோனா, படிக்கிறியாம்மா?" அவள் எழுந்து நின்று, "எனக்கு வரலை சார்" என்பாள். அடுத்த பிள்ளை படிக்கும். வரிசை நகரும். லவோனா கடைசி மேஜையில் மெழுகுத் தாளைப் பிரிப்பாள். இரண்டாம் நாள் யாரோ அவள் முதுகில் 'நாத்திகி' என்று எழுதின காகிதத்தை ஒட்டிவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் டெல்ஃபியாவைப் பார்த்து ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பலகையில் உட்கார்ந்து அழுது பாடுகிற குடும்பத்தை நாத்திகக் குடும்பம் என்று சொன்னதைக் கேட்டுத்தான் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் மூப்பர் ஹோபர்ட்டைப் போய்ப் பார்த்தாள். எழுபதைத் தாண்டிய சுரங்கக்காரர், கை விரலில் இரண்டு இல்லை. வாசலில் வழிந்த மழைச் சேற்றில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"சகோதரி, உன் மக செஞ்சது சரி. வரலைன்னா வரலைன்னு சொல்றதுக்கு எனக்கே இருபது வருஷம் ஆச்சு."

"அப்ப நீங்க வந்து ப்ரூவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க பிரதர்."

"அதுதான் முடியாது. சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல இந்த ஓடை ஓடுது. அவங்க இக்கரைக்கு வந்து நமக்குச் சொல்லக்கூடாதுன்னா, நாமளும் அக்கரைக்குப் போய்ச் சொல்லக்கூடாது."

சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. வண்டிக்கு வரும் வழியில் ஒரு கல்லை ஓடைக்குள் எத்திவிட்டு வந்தாள்.

அப்புறம் ப்ரூவர் ஒரு காரியம் செய்தார். அவர் நினைத்தது சமாதானத்துக்குத்தான். உங்கள் ஆட்கள் அட்டையைப் படிக்கமாட்டார்களா, சரி, உங்கள் மூப்பரே வந்து ஒரு நாள் ஜெபம் பண்ணட்டும், அதைப் பார்த்தால் பிள்ளைக்கும் மனசு இளகும் என்று கணக்குப் போட்டு, தானே வண்டி ஓட்டிக்கொண்டு போய் ஹோபர்ட்டைக் கூப்பிட்டார். டவுன் சபைக்காரரான அவருக்கு ஜெபம் என்றால் ஒரு நிமிஷம். பழைய பாப்டிஸ்ட் மூப்பரைச் 'சின்னதாக ஒரு ஜெபம்' பண்ணக் கூப்பிடலாம் என்று அவரைத் தவிர வேறு யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

புதன்கிழமை ஹோபர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். டெல்ஃபியா கதவுப் பக்கம் அவரை மறித்தாள்.

"ஓடையைத் தாண்டமாட்டேன்னீங்களே பிரதர்?"

"ஜெபம் பண்ணக் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை சகோதரி" என்றார் அவர். முகம் அவ்வளவு நிம்மதியாக இல்லை. "வந்தா ஜெபிப்பேன். வரலைன்னா உட்கார்ந்துடுவேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

துரதிர்ஷ்டம், அன்றைக்கு வந்துவிட்டது.

மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு மூப்பர் முட்டி போட்டார். முதலில் யாருக்கும் கேட்காத குரல். தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஐந்து நிமிஷம். பிறகு குரல் ஏறியது. ஏறி, இழுவையாகி, பாட்டாகி, மூடின சுரங்கத்துக்குள் செத்துப்போனவர்களின் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கண்ணீர் கொட்டியது. எழுந்து மேஜை மேஜையாகப் போய்ப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பயந்து வீறிட்டது. இன்னொன்று பசியில் அழுதது. டெல்ஃபியாவுக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லக்கூடாது. அவளுடைய அண்ணன் பெயரும் அதில் வந்தது. ஆனால் கலங்கின கண்ணாலேயே கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு நிமிஷம். பன்கள் தோல் தட்டிப்போய்விட்டன, பீன்ஸ் மேலே கொழுப்பு உறைந்து வெள்ளை பூத்துவிட்டது. ஆமென் சொன்னபோது அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. பாதிப் பிள்ளைகள் பாலை மட்டும் குடித்துவிட்டு ஓடின.

மூப்பர் அப்போதுதான் தட்டுகளைப் பார்த்தார்.

"இதுங்க இன்னும் சாப்பிடலையா?" என்றார். முகம் சுண்டிப்போயிற்று. "சாப்பிட்டுட்டுத்தான் ஜெபம்னு நெனச்சேன். பசிச்ச பிள்ளைங்களை நிறுத்தி வச்சா இவ்வளவு நேரம்..." தொப்பியை எடுத்துக்கொண்டு, ப்ரூவரிடம் விடைகூடப் பெறாமல், மழையில் நடந்தே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஊனா கையில் மாவோடு குதித்தாள்.

"என் தங்கச்சி மக ராத்திரி பூரா தூங்கலையாம்! செத்தவன் பேரெல்லாம் சொல்லி ஒப்பாரி வச்சா, ஆறு வயசுப் பிள்ளை என்னத்தை ஆகும்? என் தங்கச்சி நேத்தே பள்ளிக்கூடப் போர்டு ஆபீஸுக்குப் போன் போட்டுட்டா. அவ மட்டுமில்ல, இருபது பேரு போட்டிருக்காங்க. உங்க ஜெபத்தை உங்க சபையில வச்சுக்கங்க டெல்ஃபி. எங்க பிள்ளைங்க தலையில ஏன் கட்டுறீங்க?"

டெல்ஃபியா பன் தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, கதவைச் சாத்தி, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"என்னத்தை?"

"இப்ப சொன்னியே, அதை. உங்க ஜெபத்தை உங்க சபையில வச்சுக்கங்கன்னு."

ஊனா வாயைத் திறந்தாள். மூடினாள். டெல்ஃபியா பார்த்திருக்க, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, ஊனா பத்து நிமிஷம் பேசாமல் முட்டைக்கோஸ் நறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை விடாத மழை. ஓடை பொங்கி இரண்டு பஸ் நேரம் கழித்து வந்தது. நனைந்த கோட்டு வாசனையும் பன் வாசனையும் கூடம் முழுக்கக் கலந்து கிடந்தன. பத்து மணிக்கு ப்ரூவர் சமையலறைக்கு வந்தார். இரண்டு நாளாகத் தொலைபேசியில் வசவு வாங்கின முகம்.

"டெல்ஃபியா, உங்க மூப்பரையே கொண்டு வந்து நிறுத்தினேன். அதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதுக்கு மேல என்ன செய்ய? இன்னைக்கு அட்டைதான். உன் மகளைப் படிக்கச் சொல்லு."

"சொல்லமாட்டேன் சார்."

"நீ அம்மா. நீ சொன்னா கேப்பா."

"கேப்பா. அதனாலதான் சொல்லமாட்டேன்."

ப்ரூவர் கதவுப் பக்கம் திரும்பினார். "அவளுக்கு மட்டும் கரண்டி போகக்கூடாது. ஞாபகம் இருக்கட்டும். உன் வேலைக்கு நல்லது." அதைச் சொல்லும்போது அவருக்கே பிடிக்காத மாதிரிதான் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

அவர் போனதும் டெல்ஃபியா அண்டாவைக் கிளறினாள். மெஷின் உறுமுவது காதில் கேட்டது. மாத்திரை டப்பா கண்ணில் வந்தது. அவன் செத்தால் நான்தான் கொன்றவள் என்றும் நினைத்தாள். அப்புறம் அந்த 'அடுத்தது' என்ற வார்த்தை வந்தது. அது வந்தவுடன் மற்றதெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றன. காலையில் கிளம்பும்போது ஓர்பின் கையை மட்டும் தூக்கி, காற்றில் எழுதுவது மாதிரி காட்டினான்.

பதினொன்றே கால்.

"லவோனா, வாம்மா. படிக்கிறியா?"

லவோனா எழுந்தாள். "எனக்கு வரலை சார்."

ப்ரூவர் அடுத்த பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டெல்ஃபியா கரண்டியால் அண்டா விளிம்பில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கூடம் திரும்பிப் பார்த்தது.

"லவோனா, தட்டை எடுத்துக்கிட்டு வா."

பிள்ளை ஒரு கணம் நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, முன்னூறு ஜோடிக் கண்களுக்கு நடுவில் நடந்து வந்தாள். டெல்ஃபியா கரண்டி நிறைய, அடியிலிருந்து, கொழுப்புத் துண்டு வருகிற மாதிரி அள்ளிப் போட்டாள். இன்னொரு கரண்டி. சோளரொட்டி. முட்டைக்கோஸ். இரண்டு பன். இந்தத் தடவை முகத்தை நேராகப் பார்த்தாள். "சூடா இருக்கு. பாத்து எடுத்துட்டுப் போ."

ப்ரூவர் பெரிய பெரிய எட்டாக வந்தார். "டெல்ஃபியா, அந்தத் தட்டை வாங்கி வை."

"போட்டதைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வீட்டுல இல்ல சார்."

"நான் என்ன சொன்னேன் காலையில?"

"சொன்னீங்க. கேட்டேன். பத்து நாளா நீங்க சொன்னபடி என் பிள்ளை வயித்துக்குக் காவல் நின்னேன். இனிமே நிக்கமாட்டேன்."

"அப்ப ஏப்ரனைக் கழட்டிடு."

 டெல்ஃபியா முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சைத் தொட்டாள்.  

"கழட்டுறேன் சார். காரணத்தை எழுதிக் குடுங்க."

"எதை?"

"என்னை எதுக்காக வேலையை விட்டு அனுப்புறீங்களோ, அதை. 'ஜெபம் சொல்லாத பிள்ளைக்குச் சாப்பாடு போட்டா, அதனால அனுப்பினேன்'னு ஒரு வரி. கீழ கையெழுத்து, பள்ளிக்கூட முத்திரை. அதைக் கையில வாங்கிட்டு இந்த நிமிஷமே போறேன். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். பீன்ஸ் ஆறுது."

"எழுத வேண்டிய அவசியம்..."

"ஜெபத்தையே எழுதி அச்சடிச்சவருக்கு இது ஒரு பெரிய காரியமா சார்?"

ஊனா பேசாமல் பால் கணக்கு எழுதுகிற அட்டைப் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைப் புரட்டி, மேடை மேல் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அவள் யார் பக்கம் என்று அப்போதுகூட டெல்ஃபியாவுக்குத் தெரியவில்லை. ப்ரூவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். குனிந்தார். தேதியை எழுதினார். டெல்ஃபியா குவில்லன் என்று பெயரை எழுதினார். அப்புறம் பேனா நின்றது.

அவர் யோசித்தார். தாளைப் பார்த்தார். கடைசி மேஜையில் ஆவி பறக்கும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார். பேனா முனை தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளிக்கு அப்பால் ஒரு எழுத்து நகரவில்லை. முன்னூறு பிள்ளைகளும் தட்டோடு காத்துக்கொண்டிருந்தன.

"என்ன சார்," என்றாள் ஊனா, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "வரலையா?"

முதலில் ஏழாம் வகுப்பு மேஜையில் யாரோ களுக்கென்றார்கள். பிறகு கூரை அதிர்ந்தது. பத்து நாளைக்கு முன்னால் லவோனாவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்புதான். ப்ரூவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். தாளைக் கிழித்து நாலாக மடித்து எடுத்துக்கொண்டார். மைக் கம்பத்தைத் தாண்டிப் போகும்போது நின்று, தொங்கிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தார், அதை நூலோடு அவிழ்த்தார். திங்கட்கிழமை அதைத் திரும்பக் கட்டுவாரோ என்னவோ, அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அட்டையும் கையுமாக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அடுத்தது யாரு? தட்டைக் கிட்டக் கொண்டு வா" என்றாள் டெல்ஃபியா. முடிச்சைத் திரும்ப இறுக்கிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை.

லவோனா இன்னும் ஸ்பூனைத் தொடவில்லை. தட்டின் மேல் தலை குனிந்திருந்தது, கூந்தல் இரண்டு பக்கமும் சரிந்து முகத்தை மறைத்திருந்தது. ஒரு பிள்ளைக்குப் போட்டு முடித்தாள் டெல்ஃபியா, இரண்டு பிள்ளைக்கு, ஐந்து பிள்ளைக்கு. தலை நிமிரவில்லை.

ஊனா எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி, ஜெபம் பண்றாளா?"

"தெரியாது."

"அப்புறமாக் கேளேன்."

"கேக்கமாட்டேன்" என்றாள் டெல்ஃபியா. "பால் தீந்துபோச்சு பாரு. போய் எடுத்துட்டு வா."